மினிட்ஸ் புத்தகத்துப் பூங்கோதை

பூங்கோதைன்னு ஒரு பொண்ணு எங்க ஊர்ல கிடையாது. இதை முதல்லயே சொல்லிடறேன் தம்பி. பின்னாடி நீங்களும் மத்தவங்க மாதிரி "மறைச்சுட்டீங்களே"ன்னு கேட்டுறக் கூடாது. நான் எதையும் மறைக்கல. மறைக்கிறவன் எழுதி வைப்பானா? ரெண்டு வருஷம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை, நீல மையில, அடித்தல் திருத்தல் இல்லாம, சீல் போட்டு எழுதி வெச்சிருக்கேன்.

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்க, வெயில் அடிக்குது. ம், போதும். டவுனுக்குத்தானே? முக்கால் மணி நேரம் ஆகும். இந்த வண்டி ஆடு குறுக்க வந்தாக்கூட நின்னு ஏத்திக்கிட்டுத்தான் போகும்.

நான் ஆவுடையான்வயல் ஊராட்சிச் செயலர். பேரு சித்திரவேலு. செயலர்னு பேப்பர்லதான். ஊர்ல கிளார்க்குன்னாத்தான் தெரியும். பத்தொம்பது வருஷ சர்வீஸ். தண்ணி வரலைன்னாலும் என்னைத்தான் கேட்பாங்க, லைட்டு எரியலைன்னாலும் என்னைத்தான். நாய் கடிச்சாக்கூட முதல்ல என்கிட்ட வந்து காலைக் காட்டிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க.

இதுக்கு நடுவுல கமிட்டிங்க. தண்ணிக்கு ஒரு கமிட்டி, சுகாதாரத்துக்கு ஒரு கமிட்டி, பல்லுயிருக்கு ஒண்ணு. பல்லுயிர்னா பாம்பு, ஓணான் எல்லாம். எல்லாத்துலயும் அதே ஆளுங்கதான் மெம்பர். அப்படி வந்ததுதான் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவரம்மா தலைமை. பள்ளிக்கூடத்துலேருந்து ஹெட்மிஸ்ட்ரஸ், அங்கன்வாடியிலேருந்து டீச்சர், ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸம்மா. எல்லாரும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒண்ணா உக்காரணும். அவங்கவங்களுக்குத் தெரிஞ்சதை அடுத்தவங்ககிட்டச் சொல்லணும். எந்தப் பிள்ளைக்கு என்ன ஆபத்துன்னு கண்டுபிடிக்கணும். நல்ல ஏற்பாடுதான், நான் இல்லைங்கல. ஆனா எப்பங்க உக்காருறது?

நர்ஸம்மாவுக்கு அஞ்சு ஊரு. அங்கன்வாடிப் பஞ்சவர்ணம் அக்கா இருபது வாண்டுகளை விட்டுட்டு நகர முடியாது. மேரி டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸும் அவங்கதான், ஆறாவது ஏழாவது எட்டாவதுக்குக் கணக்கு டீச்சரும் அவங்கதான். சரி, நம்ம எதுக்கு இருக்கோம்? கூட்டத்துல பேசினதை எழுதி வைக்கிற மினிட்ஸ் புத்தகத்தை மொபெட்டுல முன்னாடி வெச்சுக்கிட்டு நானே கெளம்பிருவேன். நர்ஸம்மா தடுப்பூசிப் பெட்டி மேல வெச்சுக் கையெழுத்துப் போடுவாங்க. பஞ்சவர்ணம் அக்கா முட்டை உரிச்சுக்கிட்டே போடுவாங்க, இப்பவும் சில பக்கத்துல மஞ்சக்கரு ஒட்டியிருக்கும். மேரி டீச்சர் மட்டும் "எதுக்குங்க இது?"ன்னு கேட்பாங்க. "பிள்ளைங்க பாதுகாப்புக்கு டீச்சர்"ம்பேன். "ரொம்ப நல்லது"ன்னு போட்டுருவாங்க. அம்புட்டுத்தான். யாருக்கும் ஒரு சிரமம் கிடையாது.

ஆனா எழுதறதுல நான் குறை வெச்சதே இல்ல. மத்த ஊர்க்காரன்லாம் "கூட்டம் நடைபெற்றது, விவாதிக்கப்பட்டது"ன்னு ரெண்டு வரியில முடிச்சுருவான். எனக்கு மனசு வராது. பள்ளிக்கூடத்துல கட்டுரைப் போட்டியில மாவட்டத்துல ரெண்டாவது ஆளு நான். யாரு என்ன பேசினாங்க, எதிர்க் கருத்து யாரு சொன்னாங்க, எப்படிச் சமாதானம் ஆனாங்க, எல்லாம் இருக்கும்.

கடைசியில ஒரு கட்டம் இருக்கும். "கண்டறியப்பட்ட குழந்தைகள்"னு. அதுல "இல்லை"ன்னு எழுதுவேன். நாலு வருஷமா இல்லை. எங்க ஊர்ல எந்தப் பிள்ளைக்கும் ஒரு குறையும் கிடையாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். எப்படித் தெரியும்னா, இருந்தா வந்து சொல்லியிருப்பாங்கல்ல? அதுக்கு மாவட்ட ஆபீஸ்லேருந்து ஒரு கடுதாசி. "தொடர்ந்து இல்லை எனக் குறிப்பிடுவது ஏற்கத்தக்கதல்ல"ன்னு. பாருங்க நியாயத்தை. பிள்ளைங்க நல்லா இருந்தா அதுவும் குத்தமாம்.

அப்பத்தான் பூங்கோதை பொறந்தா.

இப்ப வைக்கிற பேரெல்லாம் வாயில நுழையுதா? நம்ம எழுதறதுலயாச்சும் ஒரு நல்ல தமிழ்ப் பேரு இருக்கட்டும்னு வெச்சேன். வயசு பதினொண்ணு. அப்பா இல்ல. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, எருவுக்காக வயல்ல மந்தையை அடைச்சு ஆட்டுக்கிடை போடுறவங்ககிட்ட வேலைக்கு விட்டுட்டாங்க. தலைவரம்மா சேத்துல இறங்கி, நேரா கிடைக்கே போய், கிடைக்காரர்கிட்டப் பேசி அவளை மீட்டுக்கிட்டு வராங்க. நர்ஸம்மா அந்தப் பிள்ளையோட காலைப் பார்த்துக் கண் கலங்கறாங்க. காலுல முள்ளு. பேனாவை வெச்சுட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வந்துதான் மிச்சத்தை எழுதினேன்.

ஒரு தடவை எழுதி விட்டுருக்கணும். அடுத்த மூணு மாசம் வந்துச்சு. புள்ளையைக் கிடையிலேருந்து கூட்டிட்டு வந்து அப்படியே விட்டா என்ன ஆவா? பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். அதுக்கடுத்து மாசாமாசம் படிப்பு உதவி வாங்கிக் குடுத்தேன். அவங்க அம்மாவுக்கு நூறுநாள் வேலை அட்டை. ஒரு சைக்கிள். கோ-கோ விளையாட்டுல குறுவட்ட அளவுல பரிசு. எனக்கு ரெண்டும் பசங்க தம்பி, பொம்பளப் பிள்ளை கிடையாது. அவளை டாக்டராக்கிறலாம்னுகூட யோசிச்சேன், வயசு பத்தல.

இந்த நேரத்துல மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்னு ஒரு அம்மா புதுசா வந்தாங்க. நூர்ஜகான் மேடம். போன் பண்ணி, "சித்திரவேலு சார், உங்க மினிட்ஸ் ரெண்டு வருஷத்தையும் ஒரே மூச்சா உக்காந்து படிச்சேன். அழுகை வந்துருச்சு"ன்னாங்க.

தம்பி, பத்தொம்பது வருஷத்துல நான் எழுதினதைப் படிச்ச முதல் ஆளு. போனோட எழுந்து நின்னுட்டேன். அந்தச் சந்தோஷத்துல அவங்க அடுத்துச் சொன்னது காதுல விழறதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு. "வியாழக்கிழமை மெட்ராஸ்லேருந்து அதிகாரிங்க வராங்க. நானும் வரேன். பூங்கோதையைப் பார்க்கணும்."

அது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு எனக்குச் சோறு எறங்கல. அவளை மாமா வீட்டுக்கு அனுப்பிட்டதா எழுதலாமான்னு பார்த்தேன். எந்த ஊரு, எந்த மாமான்னு கேட்பாங்க. ஒரு நிமிஷம் கொன்னுறலாமான்னுகூடத் தோணுச்சு. பேப்பர்லதான் தம்பி, பேப்பர்லதான்! அப்படிப் பார்க்காதீங்க. அதுக்கும் மனசு வரல.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு பேரையும் ஆபீசுக்கு வரச் சொன்னேன். குழு ஆரம்பிச்சு ஆறு வருஷத்துல அன்னிக்குத்தான் அவங்க முதல் தடவையா ஒரே ரூம்புல உக்காந்தது. விஷயத்தைச் சொல்லிப் புத்தகத்தை மேசையில வெச்சேன்.

தப்பு பண்ணிட்டேன். படிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"நான் எப்பய்யா அழுதேன்?"ன்னு நர்ஸம்மா பிடிச்சுக்கிட்டாங்க. "பதினேழு வருஷமா ஊசி போடறேன், ஒருநாள் அழுதிருப்பேனா? இதுல நாலு கூட்டத்துல அழுதிருக்கேன்!" மேரி டீச்சர் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, "இவ்வளவு நல்லாவா பேசியிருக்கேன் நான்?"ன்னு ஒரு பக்கத்தை ரெண்டு தடவை படிச்சாங்க. தலைவரம்மா வள்ளிக்கண்ணு இருக்காங்களே, அவங்க கிடையில போய் நின்னு பேசற இடத்தைச் சத்தமாவே வாசிச்சுட்டு, "இது பொய்யின்னு யாரும் சொல்லக் கூடாது. நடக்கலைங்கிறது வேற. நடந்திருந்தா நான் இப்படித்தான் செஞ்சிருப்பேன்"ன்னுட்டாங்க.

நான் சொன்னேன், "அம்மா, அதெல்லாம் இருக்கட்டும். வியாழக்கிழமை ஒருநாளைக்கு எனக்குப் பூங்கோதை வேணும். பதிமூணு வயசுல ஒரு பொண்ணு. அப்பா இல்லாம இருந்தா நல்லது."

மேரி டீச்சர் யோசிச்சாங்க. "எட்டாவதுல மோனிஷான்னு ஒருத்தி. அப்பன் கேரளாவுக்குப் போனவன் மூணு வருஷமா ஆளைக் காணோம். நல்லாப் படிப்பா. ஆனா ரெண்டு மாசமா வரல. காய்ச்சல்னு அவங்க அம்மா சொல்லிவிட்டா."

நர்ஸம்மா தலையைத் தூக்கினாங்க. "காய்ச்சலா? அந்தத் தெருவுக்கு நான் வாராவாரம் போறேன். அந்தப் பொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கு. அவங்க அம்மா செல்வராணி போன வாரம் என்கிட்ட வந்து, 'பொண்ணுக்குப் பதினாறு வயசுன்னு ஒரு சீட்டு எழுதித் தாங்க'ன்னா. முடியாதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

பஞ்சவர்ணம் அக்கா வெத்தலையை மெல்லறதை நிறுத்திட்டாங்க. "அவ தம்பி என் சென்டர்லதான் இருக்கான். அக்கா வெள்ளிக்கிழமை வேன்ல மில்லுக்குப் போறா, வரும்போது பொம்மை வாங்கிட்டு வருவான்னு தினமும் சொல்றான். சின்னப் புள்ளை உளறுதுன்னு விட்டுட்டேன்."

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மேரி டீச்சருக்கு முகமே செத்துப் போச்சு. "ஆளுக்கு ஒரு துண்டு வெச்சிருந்திருக்கோம்"ன்னு மட்டும் சொன்னாங்க.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, அப்பாடா, பொண்ணு கிடைச்சுருச்சு.

உடனே கெளம்பிப் போனோம் அஞ்சு பேரும். செல்வராணி வீடு தெருக்கோடியில. எங்களைப் பார்த்ததும் அவ கதவைச் சாத்தப் பார்த்தா. மேரி டீச்சர் தணிஞ்ச குரல்ல கேட்டாங்க. ஏஜெண்டு ஒருத்தன் வந்து போறானாம். மூணு வருஷம் மில்லுல இருந்தா கல்யாணத்துக்கு மொத்தமா பணம் தருவாங்கன்னு சொல்லியிருக்கான். அங்கேயே தங்கணும். நடுவுல வர முடியாது.

"அனுப்பணும்னு எனக்கு ஆசையா டீச்சர்? என் இடுப்பு விழுந்து போச்சு. களையெடுக்கக் குனிய முடியல. நூறுநாள் வேலையில தண்ணி குடுக்கிற வேலையாச்சும் கிடைக்கும்னு அட்டை கேட்டு எழுதிக் குடுத்து எட்டு மாசமாச்சு"ன்னு அழுதா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. "எட்டு மாசமா? எந்த ஆபீஸ்ல குடுத்த? யாருகிட்டக் குடுத்த?"

"உங்ககிட்டத்தான் கிளார்க்கு சார்."

அப்புறம் போய்ப் பார்த்தேன், என் டிராயர்லதான் இருந்துச்சு. யாரு அங்க வெச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அந்தப் பொண்ணு மோனிஷா கதவுக்குப் பின்னாடி நின்னுச்சு. ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா. நான் பக்குவமாச் சொன்னேன். வியாழக்கிழமை ஒருநாள், யூனிபார்ம் போட்டுக்கிட்டு, பேரு கேட்டாப் பூங்கோதைன்னு சொல்லணும், அம்புட்டுத்தான்னு. அது உடனே தலையை ஆட்டியிருக்கணுமா இல்லையா? "அந்தப் புத்தகத்தைக் குடுங்க சார்"ன்னுச்சு. வாசப்படியில உக்காந்து முழுசாப் படிச்சுச்சு. அஞ்சு பேரு நிக்கிறோம். தலைவரம்மா நிக்கிறாங்க. அது பாட்டுக்கு விரலை வெச்சு வெச்சுப் படிக்குது.

படிச்சு முடிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்துச்சு. "இந்தப் பூங்கோதை வீட்டுக்கு மட்டும் எல்லாரும் வந்திருக்கீங்க சார்."

நான் புத்தகத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன்.

"பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்கீங்க. படிப்பு உதவி வாங்கிக் குடுத்திருக்கீங்க. அவ அம்மாவுக்கு வேலை அட்டை, சைக்கிள். இதெல்லாம் எனக்குக் குடுங்க. நான் பூங்கோதையாவே இருக்கேன்."

"ஒருநாளைக்குத்தானம்மா"ன்னேன்.

"அப்ப ஒருநாள் பூங்கோதை வேற யாரையாச்சும் பாருங்க"ன்னுருச்சு.

மூணு நாள் தம்பி. ரெண்டு வருஷத்துல நான் நிதானமா யோசிச்சு யோசிச்சுக் குடுத்ததையெல்லாம் மூணு நாளுல நிஜமாக் குடுக்கணும். செவ்வாய்க்கிழமை காலையில பிடிஓ ஆபீஸ் வாசல்ல நின்னு வேலை அட்டை வாங்கினேன். ஒரு மணி நேரத்துல குடுத்துட்டாங்க. இவ்வளவு சுலபம்னு எனக்கே தெரியாது. நர்ஸம்மா செல்வராணியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இடுப்பைக் காட்டினாங்க. மேரி டீச்சர் வருகைப் பதிவேட்டுலேருந்து அவ பேரை அடிக்கவே இல்ல, செவ்வாய்க்கிழமையே பொண்ணை வகுப்புல உக்கார வெச்சுட்டாங்க. படிப்பு உதவிக்கு என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். அது நானா அடிச்சுவிட்டதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்? மேரி டீச்சர்தான் சொன்னாங்க, அப்பா இல்லாத பிள்ளைங்களுக்கு அப்படி ஒரு உதவி நிஜமாவே இருக்காம். பாரம் எங்க இருக்குன்னு தேடினா, அதுவும் என் பீரோவுலயே ஒரு கட்டு.

சைக்கிள்தான் சிக்கல். அரசாங்கம் பதினொண்ணாவதுலதான் தரும். நான் அவசரப்பட்டு முன்னாடியே குடுத்துட்டேன். என் சின்னவனோட சைக்கிள் வீட்டுல சும்மா கெடந்துச்சு. பஞ்சர் ஒட்டி, எண்ணெய் போட்டு, பெல் மாத்தினேன். என் சம்சாரம், "பெத்த பிள்ளைக்குக்கூட இப்படித் துடைச்சுக் குடுத்ததில்லையே"ன்னா. நான் பெல்லை அடிச்சுப் பார்த்தேன். வேலை இருந்துச்சு.

புதன்கிழமை மத்தியானம் ஏஜெண்டு வந்துட்டான். ஊருக்குள்ள என்னமோ நடக்குதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ரெண்டு நாள் முன்னாடியே வேனைக் கொண்டாந்து செல்வராணி வீட்டு வாசல்ல நிறுத்திட்டான். தலைவரம்மாவுக்குத் தகவல் போச்சு. வந்தாங்க பாருங்க! வெறுங்கையோட வரல, மினிட்ஸ் புத்தகத்தோட வந்தாங்க. வேனுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, பக்கத்தைப் பிரிச்சு, "இச்சிறுமியின் கரங்கள் ஏந்த வேண்டியது ஏடு! ஆட்டுக்கோல் அன்று!"ன்னு ஒரே முழக்கம்.

ஏஜெண்டு பயந்துட்டான். "ஆட்டுக்கோலா? மில்லுல ஏதும்மா ஆடு?"ன்னான்.

தலைவரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அதுக்கடுத்த வரியில "கிடைக்காரர் தலைகுனிந்து விலகினார்"னு எழுதியிருக்கேன். இவன் தலையும் குனியல, விலகவும் இல்ல. "பொண்ணோட அம்மா சம்மதம் குடுத்தாச்சு, நீங்க யாரு குறுக்க?"ன்னு வேன் கதவைத் திறந்துட்டான். அப்பத் தலைவரம்மா புத்தகத்தை மூடிட்டுச் சொந்தமாப் பேச ஆரம்பிச்சாங்க. அதை நான் மினிட்ஸ்ல எழுத முடியாது. உங்ககிட்டயும் சொல்ல முடியாது, பொம்பளைங்க உக்காந்திருக்காங்க.

இந்தப் பக்கம் மேரி டீச்சர் பிள்ளைங்களுக்கு ஆபத்துன்னா கூப்பிடற பத்து ஒம்பது எட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சிருக்காங்க. அந்த முனையில ஒரு பொண்ணு குரல், பதட்டமே இல்லாம, "குழந்தை இப்ப உங்க பக்கத்துல இருக்காங்களா மேடம்? வண்டி நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்குது. நர்ஸம்மா வேனுக்குப் பின்னாடி போய் நம்பரை ஊருக்கே கேட்கற மாதிரி வாசிச்சாங்க. பஞ்சவர்ணம் அக்கா மோனிஷாவையும் அவ தம்பியையும் ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்னாங்க. நம்பர் பாதி வரும்போதே அவன் வண்டியை எடுத்துட்டான். மெயின் ரோட்டுல ஸ்டேஷன்காரங்க மறிச்சுட்டாங்க. உள்ள பக்கத்து ஊருப் பொண்ணுங்க ரெண்டு பேரு இருந்துச்சாம், ஒண்ணுக்குப் பன்னெண்டு வயசு.

நான் அப்ப எங்க இருந்தேன்னு கேட்கறீங்களா? சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாராச்சும் பிடிக்கணும்ல?

வியாழக்கிழமை வந்துச்சு. ரெண்டு காரு. நூர்ஜகான் மேடம், மெட்ராஸ் அதிகாரிங்க ரெண்டு பேரு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர். ஆபீசுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருந்தேன். மோனிஷா யூனிபார்ம் போட்டு, ரெட்டைச் சடை போட்டு, சைக்கிள்ல வந்து இறங்குச்சு. பார்க்கறதுக்கு நான் எழுதின மாதிரியே இருந்துச்சு தம்பி. எனக்குக் கண்ணு லேசா... தூசி.

மேடம் குனிஞ்சு, "உன் பேரு என்னம்மா?"ன்னு கேட்டாங்க.

அது என்னைப் பார்த்துச்சு. நான் கண்ணை மூடித் திறந்தேன்.

"மோனிஷா."

"வீட்டுல பூங்கோதைன்னு கூப்பிடுவாங்க மேடம்"னு நான் பாஞ்சேன்.

"இல்ல மேடம். பூங்கோதை சார் எழுதின பொண்ணு. நான் நிஜப் பொண்ணு"ன்னுச்சு. அப்புறம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிருச்சு. ஏஜெண்டு வந்தது, வயசுச் சீட்டு, டிராயரு, பீரோ. டிராயரைச் சொல்லணுமா? சைக்கிளை மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம்ல?

பின்னாடி தனியாப் பிடிச்சுக் கேட்டேன். "ஏம்மா, எழுதினது எல்லாத்தையும் குடுத்தேனே, ஏன் இப்படிப் பண்ணின?"

"நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க. 'ஒருபோதும் பொய் பேசாத இயல்புடையவள் பூங்கோதை'ன்னு. போன வருஷம் மூணாவது கூட்டத்துல."

எழுதியிருந்தேன். நல்லா இருக்குமேன்னு ஒரு வரி சேர்த்தேன்.

மேடம் திட்டுவாங்கன்னு நின்னேன். திட்டல. மோனிஷாகிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் ரொம்ப நேரம் தனியாப் பேசினாங்க. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "திங்கட்கிழமை நாலு பேரும் உக்காந்து பேசினீங்கள்ல, அந்தக் கூட்டத்தோட மினிட்ஸ் எங்கே?"ன்னாங்க.

"எழுதலீங்க மேடம். நேரமில்ல."

"ஆறு வருஷத்துல நடந்த ஒரே கூட்டம் சார் அது"ன்னாங்க. அம்புட்டுத்தான் சொன்னாங்க.

மெமோ வந்துச்சு. விளக்கம் எழுதிக் குடுத்தேன், பதினோரு பக்கம். அதைப் படிச்சுட்டுத்தான் தண்டனையைக் கூட்டினாங்கன்னு கேள்வி. மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம்கிறது போய், இனி மாசாமாசம் கூட்டம் போடணும். எல்லாரும் நேர்ல இருக்கணும், போட்டோ அனுப்பணும். அதோட விட்டாங்களா? குழுவுல பிள்ளைங்க சார்புல ஒரு பொண்ணு மெம்பரா இருக்கணும்னு விதி. நான் எங்க ஊர்ல பூங்கோதை பேரைத்தான் போட்டு வெச்சிருந்தேன். மேடம் அவங்க கையாலயே அதை அடிச்சுட்டு மோனிஷான்னு எழுதிட்டாங்க.

அன்னிக்குப் பிடிச்சது சனியன். அது படிக்காமக் கையெழுத்துப் போடாது. முதல் கூட்டத்துல, "நர்ஸ் அக்கா கண் கலங்கல சார், கொட்டாவிதான் விட்டாங்க"ன்னு அடிக்கச் சொல்லுச்சு. "காரசாரமான விவாதம்னு போட்டிருக்கீங்க, டீ இன்னும் வரலைன்னுதானே பேசிக்கிட்டு இருந்தாங்க?"ங்குது. பக்கம் முழுக்க அடித்தல். நிஜக் கூட்டத்துல என்ன தம்பி சுவாரசியம் இருக்கு? ஒரு பையன் நாலு நாளா வரல, யாரு வீட்டுக்குப் போறது. ஒரு பிள்ளைக்குக் கண்ணு தெரியல, யாரு கண்ணாடி வாங்கறது. போனாங்க, வந்தாங்க, வாங்கினாங்க. இதையே மாசாமாசம். ஏழு பிள்ளைங்க ஆச்சு இதுவரைக்கும். "இல்லை"ன்னு எழுதறதுக்கு ஒரு மாசம் வாய்க்க மாட்டேங்குது.

அதான் இப்ப மாறுதல் கேட்டு பிடிஓவைப் பார்க்கப் போறேன். எந்த ஊரா இருந்தாலும் சரி. படிக்கத் தெரியாத ஆளுங்க இருக்கிற ஊராப் பார்த்துக் குடுங்கன்னு...

ஒரு நிமிஷம், போன் அடிக்குது.

அலோ. ம்... நான்தான். எங்கயா? ஆபீஸ்லதான் இருக்கேன். என்னது? பஸ் சத்தமா? அது... அது ரோட்டுல போகுது. சரி சரி, டவுனுக்குப் போறேன். என்ன இப்ப? யாரு? செங்கல் சூளைக்குப் புதுசா வந்திருக்காங்களா? எத்தனை பிள்ளைங்க? மூணு. ம். பெருசு கல்லு தூக்குதா? எத்தனை வயசும்மா இருக்கும்? நீ தனியா உள்ள போகாத, சொன்னாக் கேளு. டீச்சர்கிட்டச் சொல்லிட்டியா? நர்ஸம்மா? எல்லாரும் வந்துட்டாங்களா? ஏம்மா, செயலர் இல்லாம எப்படிக் கூட்டம் நடத்துவீங்க? ...அலோ? அலோ?

வெச்சுருச்சு.

கண்டக்டர்! யப்பா, கொஞ்சம் நிறுத்துப்பா! ஸ்டாப்பு இல்லைன்னா என்ன, ஆட்டுக்கெல்லாம் நிறுத்தறீங்க. எதிர்ப் பக்கம் வண்டி எத்தனை மணிக்கு?

நீங்க எதுக்குத் தம்பி சிரிக்கிறீங்க? அந்தப் பொண்ணு கூப்பிட்டான்னு நான் ஓடல. விஷயம் தெரியாமப் பேசாதீங்க. நான் போகலைன்னா மினிட்ஸை அவளே எழுதிருவா. அவ எழுதினா என்ன ஆகும் தெரியுமா?

நடந்தது மட்டும்தான் இருக்கும்.